சாய்மனைக் கதிரை யாருக்கு?

கேள்வி: கணவருக்குக் கொழும்பில் வேலை. மாதம் ஒருமுறைதான் கிளிநொச்சிக்கு வருவார். இந்தமுறை வெள்ளிக்கிழமை போயா (பௌர்ணமி விடுமுறை) என்பதால் மூன்று நாள் லீவு. மச்சாள் குடும்பம் நுவரெலியா போகிறது. இவரோ, "நான் ஒரு இடமும் வரமாட்டன், சாரத்தோட வீட்டில கிடக்கப்போறன்" என்கிறார். மாமிக்கும் பிள்ளைகளுக்கும் (மகனுக்கு 14, மகளுக்கு 9) அதில் சந்தோசம். எனக்குத்தான் எரிச்சல். விடிந்தால் தேத்தண்ணி, பிறகு சமையல், பின்னேரம் பலகாரம். எங்கேயாவது போக ஆசைப்படுவது பிழையா?
– வாசகி, கிளிநொச்சி

பதில்: பிழையில்லை தங்கச்சி. ஆனால் உங்களுக்கு நுவரெலியாவில் அவ்வளவு ஆசை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. உங்கள் கடிதத்தில் எல்லோரும் படுத்திருக்கிறார்கள், நீங்கள் மட்டும் நிற்கிறீர்கள். எரிச்சல் அதுதான்.

இரவிரவாக பஸ்ஸில் குலுங்கி வருகிற மனிதரை மறுபடி வான் வண்டியில் ஏற்றச் சொல்ல எனக்கு மனமில்லை. கிடக்கட்டும். நீங்களும் கிடக்க வேண்டும், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை சுலபம். எப்படியும் மரக்கறி, போயாவுக்கு இறைச்சிக்கடையும் பூட்டு. சோறு, பருப்பு, ஒரு சுண்டல். இரவுக்குப் பாணும் சம்பலும். பலகாரத்தை மறந்துவிடுங்கள், ஒருவரும் மெலிந்து போகமாட்டார்கள்.

சனிக்கிழமை ஒடியல் கூழ். நான் கூழைச் சொல்வது ருசிக்காக மட்டுமில்லை. சோறு கறி என்றால் குசினியில் ஒருத்தி தனியாக நின்று சமாளித்துவிடலாம், அதனால்தான் நம்மைத் தனியாக விடுகிறார்கள். கூழுக்கு அது சரிவராது. ஒடியல் மாவை ஊறவிட்டு, மேலே தெளிகிற தண்ணீரை ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் கைக்கும். அந்தப் பக்குவம் மாமிக்குத்தான் தெரியும், அவரிடமே விடுங்கள். முல்லைத்தீவு நண்டு கிடைத்தால் அதைத் துப்புரவாக்குவது கணவர் பொறுப்பு. மகன் மரவள்ளிக்கிழங்கு உரிக்கட்டும், மகள் பயிற்றங்காய் முறிக்கட்டும். அடுப்பை முற்றத்தில் மூட்டுங்கள். குசினிக்குள் மூட்டினால் ஒவ்வொருவராக நழுவிவிடுவார்கள், என் வீட்டில் நடந்தது. பனையோலையில் பிளா கோலிக் குடித்தால் கழுவக் கோப்பையும் இல்லை.

கூழ் குடித்த பிறகு யாருக்கும் எழும்ப மனம் வராது. அந்த நேரத்துக்கு 304 சீட்டாட்டம் விளையாடுங்கள். நீங்கள், கணவர், மாமி, மகன், கணக்காக நான்கு பேர். ஒரு சாதிச் சீட்டுக்கு 76 புள்ளி, நான்குக்கும் சேர்த்து 304 என்று மகளைக் கூட்டச் சொல்லுங்கள். மாமியோடு சோடி சேருங்கள். துரும்பு தெரியாமல் இறக்கிவிட்டு நீங்கள் வாங்கும் பேச்சு, சமையலுக்கு வாங்கும் பேச்சைவிட நன்றாக இருக்கும். போனைப் பறிக்காதீர்கள், கையில் சீட்டு இருந்தால் அது தானாகக் கீழே போகும்.

ஞாயிறு எதுவும் திட்டமிட வேண்டாம். வெளியே போகத்தான் வேண்டுமென்றால் பின்னேரம் இரணைமடுக் குளக்கட்டு இருக்கிறது, போய்க் காற்று வாங்கலாம்.

இதையெல்லாம் அவர் வந்து சாய்மனைக் கதிரையில் விழுந்த பிறகு சொன்னால் சண்டையாகும். வியாழக்கிழமை பின்னேரமே போனில், "நண்டு உங்கட வேலை" என்று சொல்லிவிடுங்கள். திரும்பிப் போகும்போது பையையும் அவரே அடுக்கட்டும்.