விராலை விட்டால் குட்டை தானாக நடக்குமா?

மேலூர் பக்கமிருந்து ஒரு விவசாயி எழுதியிருக்கிறார்: "மானியத்தில் 25 சென்ட் பண்ணைக்குட்டை வெட்டினேன். கால்வாய்த் தண்ணீரும் மழையும் சேர்ந்து நிறைந்து கிடக்கிறது. ஒரு புரோக்கர் வந்து ஆயிரம் விரால் குஞ்சு விடச் சொல்கிறார். தீனியே வேண்டாமாம். பாசியைச் சின்ன மீன் தின்னும், சின்ன மீனை விரால் தின்னும், குட்டை தானாக நடக்கும் என்கிறார். விராலுக்கு நல்ல விலையும் இருக்கிறது. விடலாமா?"

விட வேண்டாம். முன்பணம் கொடுத்திருந்தால் இன்றைக்கே திருப்பிக் கேளுங்கள்.

எதை எது தின்னும் என்று அவர் சொன்ன வரிசையில் தப்பில்லை. ஒவ்வொரு படியிலும் எவ்வளவு மிஞ்சும் என்பதைத்தான் அவர் சொல்லவில்லை. உங்கள் குட்டைக்கு முக்கியமான வரவு வெயில். அதிலும் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கைத்தான் பாசி பிடித்துத் தன் உடம்பாக்கிக்கொள்ளும். பாசிக்கும் சின்ன மீனுக்கும் நடுவே, கண்ணுக்குப் புள்ளியாகத் தெரியும் நீர்ப்பூச்சி ஒரு படி. பாசியைத் தின்னும் அது, தின்றதில் பெரும்பகுதியை நீந்துவதற்கும் மூச்சு விடுவதற்கும் செலவழித்துவிடும். கொஞ்சம் செரிக்காமல் கழிவாகப் போய்விடும். உடம்பில் தங்குவது சுமார் பத்தில் ஒன்று. பூச்சியைத் தின்னும் பொடி மீனுக்கும் இதே கணக்கு, பொடி மீனைத் தின்னும் விராலுக்கும் இதே கணக்கு. ஆயிரம் கிலோ பாசி நூறு கிலோ பூச்சியாகும், அது பத்து கிலோ பொடி மீனாகும், கடைசியில் கையில் நிற்பது ஒரே ஒரு கிலோ விரால்.

பத்தில் ஒன்று என்பது கைக்கணக்குதான், இடத்துக்கு இடம் கூடும் குறையும். ஆனால் படி ஏற ஏறக் குறையும் என்பதில் மாற்றமே கிடையாது. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஒரு சின்ன ஏரியை வருடக்கணக்கில் ஆராய்ந்து இந்தக் கணக்குக்கு வழி போட்டவர் ரேமண்ட் லிண்டமன். அவருடைய கட்டுரை 1942-ல் அச்சில் வந்தது. அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. நம் பிள்ளைகளும் இந்தப் பத்து சதவீதத்தைப் பள்ளியில் எழுதி மதிப்பெண் வாங்குகிறார்கள். புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, பருந்து என்று படம் வரைகிறார்கள். ஊர்க் கண்மாயைக் காட்டி ஒரு நாள் இதை விளக்கியிருந்தால் புரோக்கர் பேச்சு உங்களிடம் எடுபட்டிருக்காது.

சந்தைக்கு வருகிற வளர்ப்பு விரால் பிறகு எப்படி வளர்கிறது என்று கேட்பீர்கள். விலை கொடுத்து வாங்கிய தீனியில் வளர்கிறது. மீன் தூள் சேர்த்த குருணைத் தீனி அது, மத்தி போன்ற கடல் மீனைக் காயவைத்து அரைத்தது. அதாவது அந்த விராலுக்கு வேண்டிய ஆற்றலைக் கடல் மேல் அடித்த வெயில் கொடுத்திருக்கிறது, உங்கள் 25 சென்ட் கொடுக்காது. தீனி போடாமல் விட்டால் விரால் குஞ்சுகள் ஒன்றையொன்று விழுங்கும். நாலைந்து மாதம் கழித்து வலை போட்டால் மிச்சமிருக்கும் சிலவற்றைத்தான் பார்ப்பீர்கள்.

உங்களுக்கு ஏற்றவை கீழ்ப்படியில் தின்கிற மீன்கள். ரோகு பாசியையும் செடி கொடி மக்கலையும் தின்னும். கட்லா மேல்மட்டத்து நீர்ப்பூச்சியைத் தின்னும். மிர்கால் அடிச்சேற்றில் மக்கிக் கிடப்பதை மேயும். 25 சென்ட்டுக்கு கட்லா 400, ரோகு 300, மிர்கால் 300, எல்லாம் விரல் நீளக் குஞ்சுகளாகப் போதும். வாரம் 25 கிலோ சாணம் கரைத்து ஊற்றுங்கள். தவிடும் கடலைப் புண்ணாக்கும் கொஞ்சம் போட்டால் எடை கூடும்.

குஞ்சு விஷயத்தில் இன்னொரு மோசடி நடக்கிறது. விரால் என்று சொல்லி ஆப்பிரிக்கக் கெளுத்திக் குஞ்சை டின்னில் கொண்டுவந்து ஊற்றிவிட்டுப் போகிறார்கள். ஒன்றை உள்ளங்கையில் எடுத்து வாயைப் பாருங்கள். மீசை இருந்தால் அது விரால் இல்லை. விராலுக்கு மீசை கிடையாது, உடம்பில் செதில் இருக்கும். நாட்டுக் கெளுத்தி என்று சமாளித்தாலும் வாங்காதீர்கள், குஞ்சுப் பருவத்தில் பிரித்துச் சொல்வது எங்களுக்கே சிரமம். ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்க்க 2000-லேயே மத்திய அரசு தடை போட்டுவிட்டது. கறிக்கடைக் கோழிக் குடலைக் கொட்டி அதை இன்னமும் வளர்க்கிறார்கள். ஈரத் தரையில் நெளிந்தே அடுத்த தண்ணீருக்குப் போய்விடும் மீன் அது. நம் பக்கத்தில் ஒரு கண்மாய் நிரம்பி மறுகால் போனால் அடுத்த கண்மாய்க்குத்தான் போகும். உங்கள் குட்டையில் விட்டது ஊர் ஊராக இறங்கிவிடும். தடை ஆணை போட்டவர்கள் டின்னைத் திறந்து பார்க்கவும் ஆள் போட்டிருக்க வேண்டும். குட்டை வெட்ட மானியம் தரும்போது நாலைந்து முறை வந்து அளந்தார்களே, அதில் எந்த மீனை விடலாம் என்று சொல்ல ஒரு தடவை வந்திருக்கக் கூடாதா?

விராலுக்கு ஒரே ஓர் இடம் உண்டு. கால்வாய்த் தண்ணீரோடு ஜிலேபிக் கெண்டை உள்ளே வந்திருந்தால், அது ஓயாமல் குஞ்சு பொரித்துக் கட்லாவின் பங்கையும் தின்றுவிடும். அந்த ஜிலேபி எல்லாம் விரல் அளவிலேயே நின்றுவிடும், விலை போகாது. அப்படிப்பட்ட குட்டையில் மட்டும் இருபது முப்பது விரால் விடலாம். அதுவும் கட்லாவும் ரோகுவும் ஒரு சாண் தாண்டி வளர்ந்த பிறகு. அதற்கு முன் விட்டால் ஜிலேபியை விட்டுவிட்டு உங்கள் கட்லாக் குஞ்சைத் தின்னும். விடப்போகும் விரால் உங்கள் கட்லா, ரோகுவைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். ஜிலேபி இருக்கிறதா என்று ஊகிக்க வேண்டாம், ஒரு முறை வலை இழுத்துப் பாருங்கள். இல்லை என்றால் ஒரு விரால்கூட வேண்டாம்.

சாணம் போதுமா என்று பார்க்க முழங்கை வரை கையைத் தண்ணீருக்குள் விடுங்கள். உள்ளங்கை மங்கலாகி மறைந்தால் சரியான அளவு. மணிக்கட்டு மூழ்கும்போதே மறைந்தால் பாசி மிஞ்சிவிட்டது, சாணத்தை நிறுத்துங்கள். தெளிவாகத் தெரிந்தால் கூட்டுங்கள். அப்புறம் ஒரு கண்ணாடி டம்ளரில் மொண்டு வெளிச்சத்தில் பிடியுங்கள். நீர்ப்பூச்சி புள்ளி புள்ளியாகத் துள்ளினால் கட்லாவுக்குச் சாப்பாடு தயார். மேகம் மூடிய நாளில் சாணம் போடவே வேண்டாம். அன்றைக்குப் பாசிக்கு வெயில் இருக்காது, அது தண்ணீரில் சேர்க்கும் காற்றும் (ஆக்சிஜன்) குறையும், ஆனால் ராத்திரி அதுவும் மூச்சு விடும், சாணம் மக்குவதற்கும் அந்தக் காற்று வேண்டும். விடிகாலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், மோட்டாரைப் போட்டு அதே தண்ணீரை உயரத்திலிருந்து குட்டைக்குள்ளேயே பீய்ச்சி விடுங்கள். வெயில் ஏறி மீன்கள் கீழே இறங்கும் வரை நிறுத்தாதீர்கள்.