தோற்ற கையோடு வாய் திறக்கலாமா?

கேள்வி: உப்புவெளியில் ஒரு கெஸ்ட்ஹவுஸ் பூல் மேசையில், வெள்ளைக்காரர் வராத மாரி காலத்தில் நாங்கள் ஒன்பதாம் பந்தைப் போடுகிறவர் வெல்கிற நைன்-போல் போட்டி வைப்போம். அரையிறுதியில் என்னை வென்ற அண்ணா முழுக்க, எனக்கு அடிக்க வழியில்லாமல் வெள்ளைப் பந்தை ஒளிக்கிற சேஃப்டிதான் அடித்தார், ஒன்பதாம் பந்தும் எங்கோ பட்டு எங்கோ போய்க் குருட்டு லக்கில் விழுந்தது. “இதெல்லாம் ஒரு விளையாட்டா அண்ணா?” என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டுவிட்டேன். இப்போது முகம் கொடுத்தே கதைக்கிறார் இல்லை. அமெரிக்க பூல் வீரர் ஏர்ள் ஸ்ரிக்லண்ட் மேசையிலேயே எதிராளியோடு மல்லுக்கு நிற்கிறாரே, நான் உண்மையைத்தானே சொன்னேன்?
– வாசகர், உப்புவெளி

பதில்: உண்மையா? நைன்-போலில் எந்தப் பந்து எந்தப் பொக்கற்றுக்குள் போகும் என்று முன்கூட்டிச் சொல்லத் தேவையே இல்லை. மேசையில் இருப்பவற்றில் மிகச் சிறிய இலக்கப் பந்தில் வெள்ளை முதலில் பட்டு, வெள்ளையும் உள்ளே விழாமல் நின்றால், ஒன்பது எப்படி விழுந்தாலும் கேம் முடிந்தது. பிடிக்கவில்லையா, சொல்லி அடிக்கிற டென்-போல் விளையாடுங்கள். லக்கில் விழுந்தால் கையைக் கொஞ்சம் உயர்த்தி ஒரு சொறி சொல்வது வழக்கம், அதை அவர் செய்யவில்லை என்றால் அது அவர் பக்கத்துக் குறை, ஆனால் கேட்டு வாங்குகிற சாமான் இல்லை அது.

சேஃப்டியைக் கேவலமாகப் பார்க்கிறவர்கள் அதை ஒழுங்காக அடித்துப் பார்த்ததில்லை என்றே நினைக்கிறேன். வெள்ளை இலக்குப் பந்தில் பட்ட பிறகு ஒன்றும் விழாவிட்டால் ஏதாவது ஒரு பந்து குஷனில், அதாவது மேசையின் ரப்பர் ஓரத்தில், முட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் ஃபவுல், எதிராளி வெள்ளையைக் கையில் எடுத்து விரும்பிய இடத்தில் வைப்பார். கடல் காற்றில் ஈரமேறி இழுக்கிற துணியில் அந்த வேகத்தை அளந்து, வெள்ளையை இன்னொரு பந்துக்குப் பின்னால் கொண்டுபோய் ஒளிப்பது லேசுப்பட்ட வேலையா? நேரே விட்டால் நீங்கள் போட்டுவிடுவீர்கள் என்ற பயத்தில்தான் அவர் ஒளித்தார், அதைப் பாராட்டாகவே எடுத்திருக்கலாம்.

ஸ்ரிக்லண்ட் கதை வேறு. வாய்க்குப் பேர்போனவர்தான், ஆனால் யூ.எஸ். ஓப்பன் நைன்-போலை 5 தடவை வென்ற மனுசன். எங்கள் பெடியன்களுக்கு அவரிடமிருந்து வாய் மட்டும்தான் சுலபமாக ஒட்டுகிறது.

மட்ச் நடக்கும்போது வாய் திறந்து சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது: ஃபவுல். நடுவர் இல்லாத மேசையில் அடிக்காமல் நிற்கிறவர்தான் நடுவர், அடுத்த ஷொட்டுக்கு முன் சொல்லாவிட்டால் அந்த ஃபவுல் நடக்கவே இல்லை என்றுதான் கணக்கு. வெள்ளையும் பந்தும் ஒட்டின மாதிரிக் கிடந்து, அடிக்கிற கோலான கியூ வெள்ளையில் இரண்டு தடவை பட்டு ஃபவுலாகும் என்று சந்தேகம் வந்தால், அடித்த பிறகு சண்டை பிடிக்காமல் அடிக்க முன்பே “ஒராளைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்வோம் அண்ணா” என்று சொல்லலாம். தொடர்ந்து இரண்டு ஃபவுல் செய்தவருக்கு, மூன்றாவதோடு கேம் போய்விடும் என்று எச்சரிப்பதும் உங்கள் பொறுப்புத்தான். இதில் கூச்சப்படுகிற அதே ஆட்கள் மட்ச் முடிந்தவுடன் எதிராளியின் ஸ்டைலைக் கிழிக்கிறார்கள் என்பதுதான் எனக்கு எரிச்சல். ஸ்டைலைப் பற்றி ஏதும் சொல்லத்தான் வேண்டுமென்றால் அவரை வென்ற நாளில் சொல்லுங்கள், தோற்ற கையோடு சொன்னால் எவ்வளவு நியாயமாக இருந்தாலும் வயித்தெரிச்சல் என்றுதான் சனம் எடுக்கும்.

இப்போது என்ன செய்வது? தனியாக மெசேஜ் போடாதீர்கள். அன்று நீங்கள் கேட்டதைக் கேட்ட அதே கூட்டம் இருக்கும்போது, “அண்டைக்குத் தோத்த கடுப்பில கதைச்சிட்டன் அண்ணா” என்று சொல்லிவிட்டு, அவர் ஒளித்து வைத்த அந்த ஷொட்டிலிருந்து குஷனில் அடித்து எப்படி வெளியே வருவது என்று காட்டித்தரச் சொல்லுங்கள். வயதுக்கு மூத்தவர், அரை மணித்தியாலம் விடாமல் காட்டுவார்.

கேள்வி: டபிள்ஸில் என் ஜோடி மச்சான் லேசான பந்துகளை விடுகிறான். அந்த இடத்திலேயே திருத்தலாமா?
– வாசகர், லிங்கநகர்

பதில்: வேண்டாம். விட்ட பந்து விட்டதுதான், நீங்கள் உச்சுக்கொட்டினால் அடுத்ததையும் விடுவான். வீட்டுக்குப் போகும் வழியில், அதுவும் அவனாகக் கேட்டால், ஒரேயொரு விசயம் சொல்லுங்கள்.

கேள்வி: நான் ஒரு பெண். என்னிடம் தோற்கிறவர்கள் “பிள்ளை எண்டு விட்டுக்குடுத்தம்” என்கிறார்கள். நான் குனிந்து குறி பார்க்கும்போதே கியூ பிடிக்கிற விதம் பிழை என்று பாடம் எடுக்கிறார்கள்.
– வாசகி, உவர்மலை

பதில்: விட்டுக்கொடுத்தோம் என்கிறவரிடம், “சரி அண்ணா, இன்னொரு மட்ச், இந்த முறை விட்டுக்குடுக்காதீங்க” என்று சொல்லி பந்துகளை அடுக்கத் தொடங்குங்கள். பெரும்பாலும் அவருக்கு அப்போது அவசர வேலை வரும். இரண்டாவது விசயத்துக்குச் சிரித்துச் சமாளிக்கத் தேவையில்லை. குறி பார்க்கும்போது கதை கொடுப்பது, பொக்கற்றுக்கு நேரே வந்து நின்று அசைவது எல்லாம் எதிராளியைக் குழப்புகிற வேலை, அது ஒழுக்கக்கேடான ஆட்டமென்று நடுவர் தண்டிக்கலாம். நிமிர்ந்து கியூவை மேசையில் வைத்துவிட்டு, அவர் பேசி முடியும் மட்டும் பேசாமல் நில்லுங்கள். அதற்குப் பிறகும் தொடர்ந்தால் போட்டி நடத்துகிறவரைக் கூப்பிடுங்கள், பாடம் எடுக்கிறவர் உங்களுக்கு மாமா முறையாக இருந்தாலும்.