அந்தப் படத்தில் ராணுவம் எதற்கு?

ஐயா,

ஜப்பானிய இயக்குநர் நகிசா ஓஷிமாவின் 'இன் த ரெல்ம் ஆஃப் த சென்சஸ்' (1976) படத்தை நண்பர்கள் காவியம் என்று சொல்லிச் சொல்லியே பார்க்க வைத்தார்கள். முக்கால்வாசியோடு நிறுத்திவிட்டேன். அறை, படுக்கை, மறுபடி அறை. உலக சினிமா என்று பெயர் வைத்துவிட்டால் எதுவும் கலையாகிவிடுமா?

கே.

அன்புள்ள கே.,

நிறுத்தியதில் தப்பே இல்லை. முதல் தடவை நானும் எரிச்சலோடுதான் பார்த்து முடித்தேன். அதே இரண்டு பேர், திரும்பத் திரும்ப அதே காரியம், கிளுகிளுப்புக்காக உட்கார்ந்தவனுக்குக் கொஞ்ச நேரத்தில் சலிப்பு, அப்புறம் மூச்சுமுட்டல். அந்த மூச்சுமுட்டலைத்தான் ஓஷிமா எடுத்திருக்கிறார் என்று எனக்கு உறைக்க இரண்டாவது தடவை வேண்டியிருந்தது.

ஒரு காட்சி மட்டும் பாருங்கள். கதாநாயகன் கிச்சிசோ தெருவில் தனியாக நடந்து வருகிறான். எதிரே படை அணிவகுத்துப் போகிறது, ஓரத்தில் நிற்கிறவர்கள் கொடியாட்டுகிறார்கள். அவன் அந்தப் பக்கம் திரும்புவதுகூட இல்லை, தலையைக் குனிந்தபடி எதிர்த்திசையில் போய்விடுகிறான். அவ்வளவுதான். கதை நடப்பது 1936இல். அந்த பிப்ரவரியில்தான் டோக்கியோவில் இளம் ராணுவ அதிகாரிகளின் கலகம். மே மாதத்தில் சதா அபே என்ற பெண் காதலனைக் கழுத்தை இறுக்கிக் கொன்ற நிஜச் சம்பவம், அதுதான் இந்தப் படத்தின் கதை. ஊர் போருக்குக் கிளம்புகிற நேரத்தில் இந்த இருவர் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். அதை விடுதலை என்றும் ஓஷிமா கொண்டாடவில்லை, கதவுக்கு உள்ளேயும் சாவுதான்.

ஜப்பானின் ஆபாசத் தடைச் சட்டத்துக்கு அவர் தண்ணி காட்டிய விதம் தனிக்கதை. தயாரிப்பாளர் பிரெஞ்சுக்காரர் அனடோல் டோமன். ஜப்பானில் எடுத்து, கழுவாத படச்சுருளையே பிரான்சுக்கு அனுப்பி அங்கே கழுவி, ஆவணப்படி அதைப் பிரெஞ்சுப் படமாக்கிவிட்டார்கள். சொந்த ஊருக்கு அது வெட்டும் மறைப்புமாகத்தான் திரும்பி வந்தது. அப்புறமும் விடவில்லை, திரைக்கதையையும் ஸ்டில்களையும் போட்ட புத்தகத்துக்காக ஆபாச வழக்கு. வெளிப்படுத்தப்பட்ட எதுவும் ஆபாசமில்லை, மறைத்து வைப்பதுதான் ஆபாசமாகிறது என்று கோர்ட்டில் வாதாடினார். 1979இல் விடுதலை, மேல்முறையீட்டிலும் 1982இல் விடுதலை. படத்தைவிட இந்த வாதத்தைத்தான் நான் பெரிய சொத்தாக நினைக்கிறேன். அவருக்குப் பின்னால் வந்த பலர் எடுத்துக்கொண்டது படுக்கையை மட்டும், தெருவை விட்டுவிட்டார்கள். உங்கள் கோபம் அவர்கள்மேல் என்றால் நானும் உங்கள் கட்சி.

ஆனால் ஒன்று என்னை இன்னும் உறுத்துகிறது. கிச்சிசோவாக நடித்த தட்சுயா ஃபூஜி ஓஷிமாவின் அடுத்த படத்திலும் நடித்தார், பேரும் புகழுமாக இருந்தார். அதே காட்சிகளில் அதே அளவு துணிந்த கதாநாயகி எய்கோ மட்சுதாவைப் பத்திரிகைகள் கிழித்தன. வாய்ப்புகள் சுருங்கி, கடைசியில் நாட்டை விட்டே போய் ஐரோப்பாவில் வாழ்ந்தார். ஓஷிமாவுக்கு கோர்ட்டில் ஒரு தீர்ப்பாவது கிடைத்தது. அந்தப் பெண்ணுக்கு அதுவும் இல்லை.