பொலன்னறுவையைச் சைக்கிளில் சுற்றலாமா? வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: கோடை விடுமுறையில் குடும்பத்தோடு இலங்கை போகிறோம். மகனுக்கு 12 வயது, மகளுக்கு 6. பழைய தலைநகரான பொலன்னறுவையின் இடிபாடுகளை ஒரே நாளில் சைக்கிளில் பார்த்துவிட முடியுமா? (ஈரோடு வாசகி)

தாராளமாக முடியும். டிக்கெட் தரும் அருங்காட்சியகத்திலிருந்து வடகோடியில் உள்ள திவங்க சிலைமனை (புத்தர் சிலை உள்ள பழைய கட்டடம்) வரை ஏறக்குறைய 5 கி.மீ.தான், பாதையும் சமதளம். படுத்துவது வெயில். அதனால் பலரும் போகிற வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். காலையில் உள்ளே நுழைந்ததும் வழியில் எங்கும் இறங்காமல் நேரே வடகோடிக்கு மிதித்துவிடுங்கள். அங்கிருந்து தெற்கே திரும்பி வரும்போது பாறையில் செதுக்கிய புத்தர் சிலைகள் உள்ள கல் விகாரை, லங்காதிலகம் என்ற சிலைமனை, ரன்கொத் விகாரை என்ற பெரிய தூபி என்று பார்த்துக்கொண்டே வரலாம்.

இப்படிச் சொல்லக் காரணம் உண்டு. கல் விகாரையில் சுமார் 14 மீட்டர் நீளத்துக்குச் சயனித்திருக்கும் புத்தரின் முன்னால் செருப்பைக் கழற்றித்தான் நிற்க வேண்டும். பத்து மணிக்கு மேல் தரை கொதிக்கும், பிள்ளைகள் ஒரு நிமிடம்கூட நிற்க மாட்டார்கள். ஆளுக்கு ஒரு ஜோடி தடித்த பருத்திக் காலுறை எடுத்துப் போங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுக்கக் கூடாது, இதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மகன் தனியாக ஓட்டட்டும். ஆனால் இரண்டு காலையும் தரையில் ஊன்றி நிற்கிற உயரத்தில் சைக்கிள் கிடைத்தால் மட்டும். மகளை வெறும் கேரியரில் உட்கார வைக்கவே வைக்காதீர்கள். தூக்கம் வந்ததும் கால் தொங்கி, கம்பிகளுக்குள் குதிகால் போய்விடும். கால் தாங்கியும் பக்கத் தடுப்பும் உள்ள குழந்தை இருக்கை கிடைக்காவிட்டால், பெற்றோரில் ஒருவர் அவளோடு ஆட்டோவில் வருவதே சரி.

கேள்வி: வாடகை சைக்கிளில் எதைப் பார்த்து எடுப்பது? வழியில் பஞ்சரானால்? (மதுரை வாசகர்)

முதலில் பிரேக். இரண்டு பிடியையும் அழுத்திக்கொண்டு சைக்கிளை முன்னே தள்ளுங்கள். சக்கரம் உருண்டால் வேறு சைக்கிள் கேளுங்கள். அடுத்து, பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள், பிரேக் கட்டையில் உரசக் கூடாது. சீட் உயரம் சரியாக இருந்தால், பெடல் கீழே வரும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். தாழ்ந்த சீட்டில் மதியத்துக்குள் முட்டி வலி வந்துவிடும்.

பம்பு, டயர் நெம்பி இரண்டு, உப்புத்தாள், சொல்யூஷன், ஒட்டுத்துண்டு ஐந்தாறு, சக்கர நட்டுக்கு 15 மி.மீ. ஸ்பேனர், இவ்வளவு போதும். ஓட்டையைச் சுற்றி உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனை மெல்லிசாகத் தடவி, பளபளப்புப் போய்க் கையில் ஒட்டாத பதத்துக்கு வந்ததும் ஒட்டுங்கள். ஈரமாக ஒட்டினால் காற்றடித்ததுமே பெயர்ந்துவிடும். டயரை மாட்டுமுன் உட்புறம் முழுக்க விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். குத்திய முள் பல நேரம் டயரிலேயே இருக்கும், அடுத்த பஞ்சருக்கும் அதுவே காரணம்.

சாப்பாட்டை முன்கூடையில் வைக்காதீர்கள், குரங்கு விடாது. பையை மூடிக் கேரியரில் இறுகக் கட்டுங்கள்.

கேள்வி: அங்கே சோழர் கோயில் இருக்கிறதாமே, தேடிப் போகும் அளவுக்கு என்ன இருக்கிறது? (தஞ்சாவூர் வாசகர்)

கட்டாயம் போக வேண்டிய இடம். அதன் பலகையில் ‘இரண்டாம் சிவ தேவாலயம்’ என்ற எண் பெயர்தான் இருக்கும். உண்மைப் பெயர் வானவன்மாதேவி ஈஸ்வரம், சோழ அரசியின் பெயரால் 11-ஆம் நூற்றாண்டில் எழுந்தது. சோழர்கள் இந்நகருக்கு ஜனநாதமங்கலம் என்று பெயர் வைத்து, 1070-இல் சிங்கள மன்னர் முதலாம் விஜயபாகு மீட்கும்வரை இங்கிருந்து ஆண்டார்கள். நாற்கட்டத்திலிருந்து (பழைய கோயில்கள் நெருங்கி நிற்கும் மதில் சூழ்ந்த வளாகம்) பபளு விகாரை என்ற தூபி வழியாக வடகிழக்கே போகும் கிளைப்பாதையில் இருப்பதால், பெரிய பாதையிலேயே போகிறவர்கள் தவறவிட்டுவிடுகிறார்கள்.

அடி முதல் முடி வரை கல்லால் ஆன சிறிய கோயில். சுவரில் தமிழ்க் கல்வெட்டு உண்டு. சாய்வெயில் படும் நேரத்தில் எழுத்தின் வெட்டு நிழல் கட்டித் தெளிவாகத் தெரியும். பிள்ளைகளை ட, ப, ம, ய தேடச் சொல்லுங்கள், இன்றைய வடிவத்துக்கு நெருக்கமானவை அவை. அக்காலத்தில் பெரும்பாலும் புள்ளி வைக்காமல் வெட்டியதால், மெய்யா உயிர்மெய்யா என்பதைச் சொல்லை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். கல்லைச் சுண்ணாம்பாலோ சாக்பீஸாலோ தேய்க்க விடாதீர்கள், தண்ணீரும் ஊற்ற வேண்டாம்.

நாற்கட்டத்துக்குள், புத்தரின் பல்லை வைத்திருந்த பழைய கோயிலான அடதாகைக்கு அருகே நிற்கும் வேளைக்காரர் கல்வெட்டும் தமிழ்தான். புத்தரின் புனிதப் பல்லைக் காப்பதாகத் தமிழ்ப் படையினர் கொடுத்த உறுதி அது. இவ்விரண்டையும் மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இருட்டுமுன் விடுதி சேர்ந்துவிடுங்கள், ஊருக்கு வெளியே சாலைகளில் இரவில் காட்டு யானை நடமாட்டம் உண்டு.