முதல் தலைமுறை விசுவாசி இரண்டாம்தர உறுப்பினரா?

கேள்வி: முப்பது வயதுக்குப் பிறகு கிறிஸ்தவ விசுவாசத்துக்கு வந்தவள் நான். எங்கள் சபையில் பலர் நான்கு தலைமுறைக் கிறிஸ்தவர்கள். "உனக்கு இதெல்லாம் புதிது" என்று அவர்கள் சாதாரணமாகச் சொன்னாலும் சுருக்கென்கிறது. இன்னும் ஞானஸ்நானம் பெறவில்லை. "ஆபிரகாமின் பிள்ளைகள்" என்றால் அதில் நானும் உண்டா?

பதில்: உண்டு. முதல் நூற்றாண்டிலேயே இந்தக் கேள்வி சபையை உலுக்கியிருக்கிறது. கிறிஸ்துவை விசுவாசித்த யூதரல்லாதவர்களை, விருத்தசேதனமும் (ஆண்களின் நுனித்தோலை நீக்கும் யூதச் சடங்கு) செய்துகொள்ளுங்கள் என்று சிலர் நெருக்கினார்கள். எருசலேமில் கூடிப் பேசும் அளவுக்குச் சச்சரவு முற்றியது (அப்போஸ்தலர் 15). கலாத்தியர் நிருபத்தில் (கலாத்தியா சபைகளுக்கு எழுதிய கடிதத்தில்) அப்போஸ்தலன் பவுலின் கோபமும் இதே விவகாரத்தில்தான்.

ரோமர் 4-இல் அவர் எடுத்துவைக்கும் வாதம் வழக்கறிஞருடையது போல இருக்கும். விசுவாசமா, விருத்தசேதனமா, எது முந்தியது என்று கேட்கிறார். யூதரின் முற்பிதாவான ஆபிரகாம் விசுவாசித்தார், அது அவருக்கு நீதியாக எண்ணப்பட்டது என்பது ஆதியாகமம் 15-இல் வருகிறது. விருத்தசேதனமோ 17-இல். நடுவில் மகன் இஸ்மவேல் பிறந்தபோது ஆபிரகாமுக்கு வயது 86; விருத்தசேதனத்தின்போது 99. ஆக, குறைந்தது 13 ஆண்டுகள் உடலில் எந்த அடையாளமும் இல்லாமலே அவர் தேவனுக்கு உரியவராக இருந்திருக்கிறார். அடையாளம் பின்னால் விழுந்த முத்திரை. யோசித்துப் பார்த்தால் அவரும் முதல் தலைமுறைதான். அந்த வகையில் நான்கு தலைமுறைக்காரர்களைவிட நீங்களே அவருக்குக் கிட்டத்து உறவு. (இதை அவர்களிடம் சொல்லிக்காட்ட வேண்டாம்.)

ஏன் வேண்டாம் என்பதும் அதே ரோமர் நிருபத்தில், ஓர் ஒட்டுமர உவமையில் இருக்கிறது. பொதுவாக நல்ல ஒலிவக் கிளையைத்தான் காட்டுமரத்தில் ஒட்டுவார்கள். பவுலோ யூதரல்லாத விசுவாசிகளைக் காட்டுக் கிளையாக்கி நல்ல மரத்தில் ஒட்டுகிறார். இது இயற்கைக்கு மாறானது என்று அவரே ஒப்புக்கொள்கிறார் (ரோமர் 11:24). புதுக் கிளை, பழைய கிளை எதுவானாலும் வேரைச் சுமப்பதில்லை. வேர்தான் கிளையைச் சுமக்கிறது.

விசுவாசம் என்றதும் உள்ளத்தின் உறுதியை அளக்க ஆரம்பித்துவிடாதீர்கள். நோயுற்ற மகனைக் கொண்டுவந்த தகப்பன், விசுவாசிக்கிறேன் என்ற மூச்சிலேயே தன் அவிசுவாசம் நீங்க உதவும்படி கதறினான் (மாற்கு 9:24). அவனை இயேசு திருப்பி அனுப்பவில்லை.

ஞானஸ்நானத்தைப் பற்றிச் சபைகளிடையே ஒத்த கருத்து இல்லை. பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே சபைகளில் விசுவாசத்தை அறிக்கையிட்ட பிறகே கொடுக்கிறார்கள். திருமுழுக்கால்தான் (ஞானஸ்நானத்தால்தான்) ஒருவர் திருச்சபையில் இணைகிறார் என்பது கத்தோலிக்கப் போதனை. ஆனால் அதற்கு ஆயத்தமாகிறவர்களையும் அந்தத் திருச்சபை தன் பிள்ளைகளாகவே அணைத்துக்கொள்கிறது. ஆகவே உங்கள் போதகரை நேரில் பார்த்து, ஆயத்த வகுப்பு எப்போது, திருவிருந்தில் பங்கு பெறவும் உறுப்பினர் பட்டியலில் சேரவும் என்ன விதி என்று கேளுங்கள். பட்டியலில் பெயர் ஏறத் தாமதமானால், அதை உங்கள் விசுவாசத்துக்குக் கிடைத்த மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் நீங்களும் தள்ளிப்போட வேண்டாம். யூதரல்லாத ரோமப் படை அதிகாரி கொர்நேலியு வீட்டில் பரிசுத்த ஆவி முதலில் இறங்கினார், ஞானஸ்நானத் தண்ணீர் அடுத்துதான் வந்தது (அப்போஸ்தலர் 10). ஆவியைத்தான் பெற்றாயிற்றே, இனி தண்ணீர் எதற்கு என்று அங்கே போயிருந்த அப்போஸ்தலன் பேதுரு விட்டுவிடவில்லை. இவர்களுக்குத் தண்ணீரை யார் மறுக்க முடியும் என்று கேட்டு, உடனே ஞானஸ்நானம் கொடுக்கச் சொன்னார்.