வாசகர் கேள்விகள்: வேதாகமத்தின் அருகே எந்தப் புத்தகம்?

"இப்போது என்ன படித்துக்கொண்டிருக்கிறீர்கள்?" என்று சென்ற இதழில் வாசகர்களைக் கேட்டிருந்தோம். பலர் தங்கள் மேசையிலுள்ள நூல்களின் பெயர்களை எழுதி அனுப்பினார்கள். சிலருடைய கடிதங்களில் நூலின் பெயரோடு ஒரு கேள்வியும் சேர்ந்து வந்திருந்தது. அவற்றுள் ஐந்து கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

எங்கள் வேதபாடக் கூட்டத்தில் அவரவர் படிக்கும் நூலைச் சொல்லும்படி கேட்டார்கள். மற்றவர்கள் வேத விளக்கவுரைகளைச் சொன்னார்கள். நான் "புத்தம் வீடு" நாவலைச் சொன்னேன். மூப்பர் ஒருவர், கட்டுக்கதைகளுக்கு விலகியிரு என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதை நினைவூட்டினார். விசுவாசிகள் நாவல் படிப்பது தவறா ஐயா?
*– ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை, நாகர்கோவில்*

தவறில்லை, சகோதரி. ஆயினும் அந்த மூப்பரின் கவலையை நான் தள்ளிவிடவும் மாட்டேன். வேதாகமத்தைத் திறக்க நேரமில்லாமல் போகும் அளவுக்குக் கதைகளில் மூழ்கியவர்களை அவர் பார்த்திருக்கக்கூடும். ஆனால் அவர் காட்டிய வசனம் நாவலைப் பற்றியது அன்று. அதே நிருபத்தின் முதல் அதிகாரத்தில், கட்டுக்கதைகளையும் முடிவில்லாத வம்சவரலாறுகளையும் பவுல் சேர்த்தே சொல்லுகிறார். சபைக்குள் உபதேசமாகப் போதிக்கப்பட்ட கற்பனைகளைத்தான் அவர் கடிந்துகொள்கிறார். நாவலாசிரியர் தம் கதையை உபதேசம் என்று சொல்லி யாரையும் ஏமாற்றுவதில்லை. மேலும், அத்தேனே பட்டணத்தில் பிரசங்கித்த அதே பவுல், "உங்கள் புலவர்களிலும் சிலர்" சொல்லியிருக்கிறபடி என்று கிரேக்கக் கவிதை வரியை எடுத்துச் சொன்னார் (அப்போஸ்தலர் 17:28). படித்திராத கவிதையை எடுத்துச் சொல்ல முடியாது அல்லவா?

பாவம் செய்த தாவீது ராஜாவிடம் நாத்தான் தீர்க்கதரிசி போனதை ஒரு முறை நிதானமாக வாசித்துப் பாருங்கள். விபசாரத்தையும் கொலையையும் விலக்கும் கட்டளைகள் ராஜாவுக்குத் தெரியாதவை அல்ல. அவற்றைச் சொல்லியே நாத்தான் அவரைக் கண்டித்திருக்கலாம். அவரோ ஓர் ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பற்றிச் சொன்னார். அது அவன் வாயின் அப்பத்தைத் தின்றது, அவன் பாத்திரத்திலே குடித்தது, அவன் மடியிலே படுத்துக்கொண்டது, அவனுக்கு ஒரு மகளைப்போல இருந்தது. வழக்கின் தீர்ப்புக்கு அந்த மடி தேவையில்லை. ஆடு திருடப்பட்டது என்பதே போதும். தாவீதை உலுக்கியதோ அந்த மடிதான். முன்பு ஆடு மேய்த்தவர் அல்லவா அவர்! "நீயே அந்த மனுஷன்" என்ற சொல் வருவதற்குள் அவர் தம் வாயாலேயே தீர்ப்புச் சொல்லி முடித்திருந்தார்.

எதிர்த்தரப்புக்கு வலுவான சாட்சி, பழங்காலத் திருச்சபையின் பேராசான் அகுஸ்தீன். பள்ளி நாட்களில் ரோமக் கவிஞர் வெர்ஜிலின் காவியத்தில் வரும் அரசி தீதோவின் மரணத்துக்காக அழுததையும், தேவனை விட்டு விலகிச் செத்துக்கொண்டிருந்த தமக்காக ஒரு சொட்டுக் கண்ணீரும் விடாததையும் அவர் வேதனையோடு அறிக்கையிடுகிறார். ஒவ்வொரு நாவலை முடிக்கும்போதும் இந்தக் கேள்வியை நம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டும் என்பேன். கதை நம்மை நம் வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிறதா, அல்லது வீட்டை மறக்கச் செய்கிறதா?

நீங்கள் குறிப்பிட்ட நாவல் திருப்பி அனுப்பும் வகையைச் சேர்ந்தது. ஹெப்சிபா ஜேசுதாசன் 1964-இல் வெளியிட்ட அந்தக் கதையில், பெரியவளாகிவிட்டாள் என்பதற்காக லிஸியின் பள்ளிப் படிப்பு நின்றுபோகிறது. அவள் வீட்டுக்குள் அடைக்கப்படுகிறாள். பனையேறும் குடும்பத்துப் பிள்ளையான தங்கராஜ் மீது அவளுக்கு ஏற்படும் அன்பு, பழம்பெருமை பேசும் புத்தம் வீட்டாருக்கு ஏற்புடையதாக இல்லை. இரு தரப்பாரும் வணங்கும் தெய்வம் ஒன்று, வாசிக்கும் வேதாகமமும் ஒன்று. அப்படியிருந்தும் நிலமுள்ளவருக்கும் பனை ஏறுகிறவருக்கும் நடுவே எவ்வளவு உயரமான சுவர் நின்றது என்பதை உங்கள் ஊர்ப் பேச்சிலேயே அந்த நூல் காட்டுகிறது. கலாத்தியர் நிருபத்துக்கு விளக்கவுரை படிப்பவர்கள் அதையும் உடன் வைத்துப் படித்தால், "யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை" என்ற வசனம் நம் ஊரில் எங்கே இடறுகிறது என்பது தெளிவாகும். அடுத்த கூட்டத்தில் லிஸியின் கதையை அந்த மூப்பருக்குச் சொல்லுங்கள். பாதியில் எழுந்து போகமாட்டார் என்றே நினைக்கிறேன்.

இறையியல் படிக்க வேண்டும் என்ற ஆவலில், உபதேசங்கள் அனைத்தையும் தொகுத்துரைக்கும் ஆயிரம் பக்க ஆங்கில நூல் ஒன்றை வாங்கினேன். நாற்பது பக்கங்களுக்கு மேல் நகர முடியவில்லை. இறையியல் எனக்கு வராதோ என்று சோர்வாக இருக்கிறது.
*– மென்பொருள் பணியாளர், கோயம்புத்தூர்*

தம்பி, அகராதியை முதல் பக்கத்திலிருந்து படித்து மொழி கற்றவர் உண்டா? அந்தப் பெரிய நூலை அலமாரியில் வையுங்கள். ஐயம் எழும்போது எடுத்துப் பார்ப்பதற்கு அது மிகவும் பயன்படும். உட்கார்ந்து படிப்பதற்கு, உயிரோடு ஒரு மனிதர் பேசுகிற நூல்களைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

முதலாவது, மேலே சொன்ன அகுஸ்தீனின் அறிக்கைகள். அந்த நூல் முழுவதும் தேவனை நோக்கிப் பேசுகிற ஜெபமாகவே எழுதப்பட்டிருக்கிறது; நாம் பக்கத்து அறையில் நின்று கேட்பவர்கள் போல இருக்கிறோம். பிறகு, நான்காம் நூற்றாண்டில் அத்தனாசியு எழுதிய, வார்த்தை மாம்சமானதை, அதாவது தேவகுமாரன் மனிதரானதைப் பற்றிய சிறு நூல். 1944-இல் வெளிவந்த அதன் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு முன்னுரை எழுதிய சி. எஸ். லூயிஸ், ஒரு புதிய நூலைப் படித்தால் அடுத்த புதிய நூலைத் தொடுமுன் பழைய நூல் ஒன்றைப் படியுங்கள் என்றும், அது கடினமென்றால் மூன்று புதியவற்றுக்கு ஒரு பழையதாவது படியுங்கள் என்றும் ஆலோசனை சொன்னார். ஒவ்வொரு காலத்துக்கும் அதற்கே உரிய குருட்டுத்தனம் இருக்கிறது, அதை வேறு காலத்தவர்தாம் நமக்குக் காட்ட முடியும் என்பது அவர் சொன்ன காரணம்.

மூன்றாவதாக, ஜெர்மானியப் போதகர் தீத்ரிக் போன்ஹோபரின் "லைஃப் டுகெதர்". பின்கன்வால்டே என்னும் இடத்தில் அவர் நடத்திவந்த போதகர் பயிற்சிப் பள்ளியை 1937-இல் நாஜிக் காவல்துறையினர் மூடிவிட்டார்கள். அங்கே மாணவர்களோடு ஒரே மேசையில் உண்டு, ஜெபித்து, பாவ அறிக்கை செய்து வாழ்ந்த அனுபவத்திலிருந்து எழுந்த இந்த நூல் 1939-இல் வெளியாயிற்று. "சபை இப்படித்தான் இருக்க வேண்டும்" என்று தான் காணும் கனவைத் தன் கண்முன் இருக்கிற சபையைக் காட்டிலும் அதிகமாக நேசிக்கிறவன், எவ்வளவு நல்ல நோக்கம் உடையவனாக இருந்தாலும் அந்த ஐக்கியத்தை அழிக்கிறவனாகவே முடிவான் என்று அவர் எழுதுகிறார். சபை மாறிச் சபை போய்க்கொண்டிருக்கும் இளைஞர்கள் என்னிடம் வரும்போது, நான் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் எடுத்துக் கொடுக்கிறேன். எழுதியவர் 1945 ஏப்ரல் 9 அன்று பிளோசன்பர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார் என்பதை அறிந்து படிக்கும்போது, அதன் ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு கனம் ஏறுகிறது.

நாளொன்றுக்குப் பத்துப் பக்கங்கள் போதும். ஒரு நண்பரையும் சேர்த்துக்கொண்டு, புரியாத பத்தியை இருவரும் வாய்விட்டு வாசியுங்கள்.

என் தாத்தாவின் பெட்டியில் "மோட்சப் பிரயாணம்" உரைநடை நூலும் "இரட்சணிய யாத்திரிக"மும் இருந்தன. இரண்டும் ஒரே கதை என்கிறார்களே, இரண்டையும் படிக்க வேண்டுமா?
*– கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை*

மூலக்கதை ஒன்றுதான். பெட்போர்டு சிறையில் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்த ஜான் பனியன் எழுதி, 1678-இல் வெளியிட்ட பயணக் கதை அது. முதுகில் பாவச் சுமையோடு ஒருவன் நாச நகரத்தை விட்டு உச்சித நகரத்தை நோக்கி நடக்கிறான். உரைநடையை ஓரிரு வாரங்களில் படித்துவிடலாம்; முதலில் அதைப் படியுங்கள்.

ஆனால் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை செய்தது மொழிபெயர்ப்பு அன்று. வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் ஊறி, தமது முப்பதாவது வயதையொட்டிக் கிறிஸ்தவரானவர் அவர். தாம் கற்றிருந்த தமிழை வாசலில் விட்டுவிட்டு ஆலயத்துக்குள் நுழைய அவர் சம்மதிக்கவில்லை. பனியனின் எளிய கதையை ஐந்து பருவங்களாக விரித்து, "நற்போதகம்" இதழில் ஆண்டுக்கணக்காகத் தொடராக எழுதி, 1894-இல் நூலாக்கினார். சிலுவைக் காட்சியில் வரும் இரண்டு அடிகளைப் பாருங்கள்:

*இன்னதென அறிகில்லார் தாம்செய்வது இவர்பிழையை*
*மன்னியும்என்று எழிற்கனிவாய் மலர்ந்தார்நம் வள்ளலார்.*

லூக்கா 23:34-ஐ எடுத்து அருகே வைத்துக்கொள்ளுங்கள். "இன்னதென்று", "மன்னியும்" என்ற சொற்கள் வேதாகமத்தில் உள்ளபடியே பாட்டில் வந்து அமர்ந்திருப்பதைக் காண்பீர்கள். அதற்கு அடுத்துவரும் "எழிற்கனிவாய் மலர்ந்தார்" என்பது காவிய மரபு தந்த சொல். திருமேனி சிதைந்து தொங்குகிற வேளையில், வாயிலிருந்து வந்த சொல்லுக்கு "மலர்ந்தார்" என்று எழுத ஒரு கவிஞருக்கு எவ்வளவு துணிவும் எவ்வளவு அன்பும் வேண்டும்! விளக்கவுரைகள் பல படித்தும் எனக்குக் கிட்டாத ஒன்று இந்த ஒரு சொல்லில் கிட்டியது. உரையுள்ள பதிப்பாகத் தேடிக்கொள்ளுங்கள். நாளுக்கு ஐந்து பாடல்கள் என்று வைத்துக்கொண்டால் தளர்ச்சி வராது. தாத்தாவின் பிரதியில் அவர் கோடிட்ட இடங்கள் இருந்தால் அங்கிருந்தே தொடங்குங்கள்.

நாங்கள் சீர்திருத்தத் திருச்சபையினர். கத்தோலிக்க எழுத்தாளர்களைப் படிக்கலாமா?
*– ஆசிரியர், வேலூர்*

தாராளமாகப் படிக்கலாம். வீரமாமுனிவரின் தேம்பாவணியைத் தள்ளிவைக்கும் தமிழ்க் கிறிஸ்தவர், தம் சொத்தில் ஒரு பெரும் பங்கை வேண்டாம் என்கிறார். நம் காலத்திலிருந்து ஒன்று சொல்வதானால், ஜோ டி குரூஸின் "ஆழி சூழ் உலகு". பரதவர் வாழ்வில் கடலும் ஆலயமும் எப்படிப் பின்னிக்கிடக்கின்றன என்பதை அதைப் போல் காட்டிய நாவலை நான் படித்ததில்லை.

எல்லோரையும் கேட்டீர்களே, தாங்கள் இப்போது என்ன படிக்கிறீர்கள், ஐயா?
*– ஓய்வுபெற்ற செவிலியர், தூத்துக்குடி*

தஸ்தயேவ்ஸ்கியின் "கரமசோவ் சகோதரர்கள்" நாவலை மறுபடியும் படிக்கிறேன். முதல் முறை படித்தபோது அந்தச் சகோதரர்களில் ஒருவனான இவான் எழுப்பும் கேள்விகளே மனத்தில் நின்றன. இம்முறை தொடக்கத்தில் வரும் ஒரு சிறிய காட்சியைத் தாண்டிப் போக முடியவில்லை. மூன்று வயது நிரம்பாத மகனை இழந்த ஏழைத் தாய் ஒருத்தி, மூத்த துறவியான சோசிமாவிடம் வருகிறாள். பிள்ளையின் சட்டையையும் சிறிய காலணிகளையும் எடுத்து வைத்துக்கொண்டு அழுவதாகச் சொல்கிறாள். துறவி முதலில் வழக்கமான ஆறுதலைச் சொல்லிப் பார்க்கிறார். அது அவளிடம் செல்லவில்லை. அப்போது அவர், வேதாகமத்தில் ராகேல் தன் பிள்ளைகளுக்காக ஆறுதலடையாமல் அழுததை நினைவூட்டி, நீயும் ஆறுதலடைய வேண்டாம், அழு என்று சொல்லிவிட்டு, பிள்ளையின் பெயரைக் கேட்கிறார். அலெக்ஸி என்கிறாள். 1878-இல், இந்த நாவல் உருவாகிவந்த நாட்களில், தஸ்தயேவ்ஸ்கி பறிகொடுத்த, மூன்று வயது நிரம்பாத மகனின் பெயரும் அதுவே. துக்க வீடுகளுக்குப் போய், "அழாதீர்கள்" என்று எத்தனையோ தாய்மாரிடம் சொல்லியவன் நான். மருத்துவமனையில் பல மரணங்களின் அருகே நின்றிருக்கும் தங்களுக்கு, நான் ஏன் இந்தப் பக்கத்தில் நின்றுபோனேன் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இதே எழுத்தாளர் கைதியாகச் சைபீரியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டபோது, தொபோல்ஸ்க் நகரில் சில பெண்கள் அவருக்கு ஒரு புதிய ஏற்பாட்டைக் கொடுத்தார்கள். நான்கு ஆண்டுச் சிறைவாசத்தில் அவர் வைத்திருக்க அனுமதிக்கப்பட்ட நூல் அது. அதன் ஓரங்களில் நகத்தால் கீறிய அடையாளங்கள் இன்றும் இருக்கின்றன. 1881-இல் மரணப் படுக்கையில் அதைத் திறந்து, விரிந்த பக்கத்தை வாசிக்கும்படி மனைவியிடம் கேட்டார். மத்தேயு 3-ஆம் அதிகாரம், "இப்பொழுது இடங்கொடு" என்று இயேசு யோவானிடம் சொல்லும் இடம் வந்தது. அன்று மாலையே அவர் மரித்தார். அந்தப் பிரதியைத் தம் மகன் பியோதரிடம் கொடுக்கச் சொல்லியிருந்தார்.