படுத்தால் முட்டுகிறது, எழுந்தால் தணிகிறது

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 71. இரண்டு ஆண்டுகளுக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தோம். அண்மையில் எடுத்த எக்கோ பரிசோதனையில் இதயத்தின் ‘பம்பிங்’ 30 சதவீதம்தான் என்று சொல்லிவிட்டார்கள். பகலில் ஓரளவு நடமாடுகிறார். ஆனால் ஒரு வாரமாக, இரவு படுத்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். சளி என்று நினைத்து அம்மா ஆவி பிடிக்க வைக்கிறார். வெளியே கிளம்பும் நாள்களில் நீர் மாத்திரையை அப்பா போடுவதில்லை. வீட்டில் ஆக்சிஜன் சிலிண்டர் வாங்கி வைக்கலாமா? இரவில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?
– ஒரு வாசகி, மன்னார்குடி.

பதில்: அந்த 30 சதவீதம் உங்கள் வீட்டில் எல்லோரையும் கலங்கடித்திருக்கும் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். நலமாக இருக்கும் இதயமும் தன் இடது கீழறையில் நிரம்பும் இரத்தம் முழுவதையும் வெளியேற்றுவதில்லை. ஒரு துடிப்புக்கு ஏறக்குறைய 55 முதல் 70 சதவீதத்தைத்தான் தள்ளுகிறது. ஆகவே 30 என்பதை நூற்றுக்கு வாங்கிய மதிப்பெண்ணாக எண்ண வேண்டாம். இதயம் பலவீனமாகியிருப்பது உண்மை. மருந்துகளை ஒழுங்காக எடுத்துவரும் பலருக்கு அந்த எண் உயர்வதும் உண்மை.

இரவு மூச்சுத்திணறல் சளியால் வருவதாகத் தெரியவில்லை. பலவீனமான இதயத்தால், தன்னிடம் வரும் இரத்தத்தைப் போதிய அளவு முன்னே தள்ள முடியாதபோது, உடலில் உப்பும் நீரும் தேங்குகின்றன. பகலில் அந்த நீர் கால்களில் இறங்கி நிற்கும். மாலையில் கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழுவது அதனால்தான். படுத்ததும் அதே நீர் மெல்ல இரத்த ஓட்டத்துக்குத் திரும்பி, நுரையீரலில் தேங்குகிறது. எழுந்து உட்கார்ந்தால் தணிவதும் இக்காரணத்தால்தான். மூச்சு முட்டும் ஒருவரைப் போர்வைக்குள் குனிய வைத்தால் திணறல் கூடும் என்பதால், ஆவி பிடிப்பதை நிறுத்திவிடுங்கள். அம்மாவைக் குறை சொல்லாதீர்கள்; இதயத்தால் வரும் இளைப்பை ஆஸ்துமா என்று மருத்துவர்களே எண்ணிவிடுவதுண்டு.

புதிதாகத் தொடங்கிய இந்த அறிகுறிக்காக, அடுத்த பரிசோதனைத் தேதி வரை காத்திராமல் நாளையே இதய மருத்துவரைப் பாருங்கள். மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம்.

நள்ளிரவில் வரும் திணறல் பெரும்பாலும் அன்றிரவு தொடங்கியதன்று. இரண்டு மூன்று நாள்களாகச் சேர்ந்த நீர் அன்றிரவு தன்னைக் காட்டுகிறது. அதை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் கருவி, சிலிண்டரைவிட மிக மலிவான எடை பார்க்கும் இயந்திரம். தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, காபிக்கு முன், ஏறக்குறைய ஒரே மாதிரியான உடையில் எடை பார்த்து ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அது சதையன்று, நீர். அன்றே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். அந்த நோட்டை அப்பாவே எழுதட்டும். எல்லோரும் தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்று உணரும் முதியவர், மூச்சு முட்டுவதையே மறைக்கத் தொடங்குவார்.

தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் நீர் மாத்திரையை அவர் தவிர்ப்பதுதான் எனக்குப் பெரிய கவலை. பேருந்தில் இரண்டு மணி நேரம் சிறுநீரை அடக்க வேண்டிய அவதியை அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அது ஃபுரோசமைட் மாத்திரையாக இருந்தால், விழுங்கிய ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி ஆறு மணி நேரத்தில் பெரும்பாலும் முடித்துவிடும். காலையில் வெளியே போகும் நாளில் வீடு திரும்பியதும் பிற்பகலில் போட்டுக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள், பெரும்பாலும் ஒப்புக்கொள்வார். விட்டுவிடுவது மட்டும் கூடாது.

உப்பு நாளொன்றுக்கு எல்லா உணவும் சேர்த்து 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், இருக்க வேண்டும். குழம்பில் உப்பைக் குறைத்துவிட்டு அப்பளம், ஊறுகாய், மோர் மிளகாய், கருவாடு என்று தட்டின் ஓரத்தில் வைத்தால் பயனில்லை. இந்துப்பு உடம்புக்கு நல்லது என்று பலர் நம்புகிறார்கள்; அதுவும் சோடியம்தான். சோடியம் குறைந்தது என்று விற்கும் உப்பில் பொட்டாசியம் இருப்பதால், இதய மருந்துகள் சிலவற்றோடு சேரும்போது அது ஆபத்தாகலாம். மூட்டு வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், இபுபுரோஃபென் போன்றவையும் உடலில் நீரைத் தேக்கும்; அவற்றைத் தவிர்க்கவும்.

சிலிண்டர் இப்போது வேண்டாம். இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு சரியாக உள்ளவருக்கு அதனால் பயனில்லை. திணறும்போது அதை நம்பி மருத்துவமனைக்குப் போகத் தாமதிப்பதுதான் நடக்கும்.

இரவில் மூச்சு முட்டினால், கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு நிமிர்ந்து உட்கார வையுங்கள். சன்னலைத் திறந்து மின்விசிறியை முகத்தின் பக்கம் திருப்புங்கள். ஒருவர் மட்டும் அருகில் இருந்து நிதானமாகப் பேசுங்கள். சில நிமிடங்களில் தணியாவிட்டாலும், நெஞ்சுவலி, குளிர்ந்த வியர்வை, உதடு நீலமாதல், இளஞ்சிவப்பு நுரையோடு இருமல், மனக்குழப்பம் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள். வண்டியிலும் உட்கார வைத்தே கொண்டுசெல்லுங்கள், படுக்க வைக்காதீர்கள்.

நாளை மருத்துவரிடம் போகும்போது, நாட்டு மருந்து உட்பட அப்பா எடுக்கும் எல்லா மருந்துகளையும் ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். எடை ஏறினால் நீர் மாத்திரையைக் கூட்டலாமா, ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்ற இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அம்மாவையும் உடன் அழைத்துப் போங்கள். இரவில் அப்பா எழுந்து உட்காரும்போது முதலில் விழிப்பவர் அவர்தானே.